ஆறரை அடி சென்டரை ஐந்தேமுக்கால் அடிப் பையன்கள் நிறுத்த முடியுமா?

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூன்று வாரத்தில் அவர் அணிக்குக் கூடைப்பந்துப் போட்டி. எதிரணியில் ஆறரை அடி உயரத்தில் ஒரு சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற பெரிய ஆள். போன முறை மோதியபோது அந்த அணியின் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் ஒருவனே எடுத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு ஆளைக் காக்கும் மேன் டு மேன் ஆடிப் பார்த்தார், பிறகு அவன் மேல் இரண்டு பேரை விட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. "எங்கள் பையன்களில் உயரமானவனே ஐந்தேமுக்கால் அடிதான் சார். அவன் ஷாட்டை எப்படி பிளாக் பண்ணுவது?" என்று முடித்திருக்கிறார்.

கேள்வி பிளாக்கில் வந்து நின்றாலும் அவர் கேட்க வருவது அது இல்லை என்று நினைக்கிறேன். ஒரே பையன் மொத்த ஆட்டத்தையும் தூக்கிக்கொண்டு போவதை, உயரம் இல்லாத ஐந்து பேர் சேர்ந்து நிறுத்த முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. முடியும். ஆனால் பிளாக்கை, அதாவது ஷாட்டைக் காற்றிலேயே கையால் தடுப்பதை, மறந்துவிட வேண்டும். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறரை அடிப் பையன் நின்ற இடத்தில் கையைத் தூக்கினாலே விரல் நுனிக்கும் ரிங்குக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு முழம்தான் மிச்சம். அங்கே போய் உங்கள் பையன் குதித்தால் ஃபவுல்தான் விழும். ஆனால் அந்த ஷாட்டுக்கு முன்னால் நான்கு காரியம் நடந்தாக வேண்டும். அவன் ஓடி வர வேண்டும், ரிங்குக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும், அவன் கைக்குப் பந்து வர வேண்டும், பந்தோடு அவன் திரும்ப வேண்டும். இந்த நான்கிலும் உயரத்துக்கு வேலை குறைவு. கால், இடுப்பு, கவனம் இவற்றுக்குத்தான் வேலை. சென்டரை நிறுத்துவது என்றால் இந்த நான்கையும் கெடுப்பது. ஷாட்டின்போது செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

நான் மதுரையில் கல்லூரி அணிக்கு ஆடியவன். ஆறடிகூட இல்லாத எனக்குக் கிடைத்த வேலையே என்னைவிட உயரமானவர்களை போஸ்ட்டில், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில், காப்பதுதான். பிறகு பல வருடங்களாகப் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் பையன்களையும் அந்தச் சென்டரையும் நான் பார்க்கவில்லை. அதனால் எந்த அணிக்கும் பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். ஆளைப் பொறுத்து மாறக்கூடியதை அப்படி என்றே குறிப்பிடுகிறேன், அவற்றை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், ஓட்டம். உங்கள் அணி ஷாட் போட்டு பந்து எதிரணிக்குப் போன நொடியிலேயே தடுப்பு தொடங்கிவிடுகிறது. நம் பையன்கள் திரும்பி ஓடி, ரிங்குக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் த்ரீ செகண்ட் ஏரியாவுக்குள் போய் நின்றுகொண்டு சென்டர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதுதான் தப்பு. அவன் ஓடி வந்த வேகத்திலேயே முதுகைக் கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, ரிங்குக்கு இரண்டடியில் இடம் பிடித்துவிடுவான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவனை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகிலேயே எதிர்கொள்ள வேண்டும். அவன் எந்த வழியாக ஓடி வருவான் என்று பார்த்து, அந்த வழியில் முன்பே போய், முழங்காலை மடக்கி நெஞ்சைக் காட்டி நிற்க வேண்டும். விதியும் இதற்குத் துணையாக இருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டவனுக்கு சீட் என்கிற மாதிரி, கோர்ட்டில் முதலில் போய் நின்றவனுக்கு அந்த இடம் சொந்தம். நின்றவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போனால் ஃபவுல் சென்டருக்குத்தான். நீட்டிய கையாலோ முழங்கையாலோ நம் பையன் அவனைத் தள்ளினால் அது நம் ஃபவுல். காலால் இடம் பிடிப்பது, கையால் தள்ளாதிருப்பது, இந்த இரண்டையும் பையன்களின் உடம்பில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அவன் பந்தை எங்கே வாங்குகிறான் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. ரிங்குக்கு ஒன்றரை மீட்டரில் வாங்கினால் திரும்பினாலே இரண்டு புள்ளி. அதையே நான்கு மீட்டரில் வாங்கவைத்தால் அவன் ஒன்று தூரத்திலிருந்து ஷாட் போட வேண்டும், அல்லது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். பள்ளி வயதில் உயரமான பையன்களுக்கு இரண்டுமே கைவராத வித்தை. அவன் பந்தைத் தட்டும்போது அது அவன் இடுப்பு உயரத்துக்கு இறங்கி வருகிறது. அந்த உயரம் உங்கள் பையன்களின் உயரம். பக்கத்திலிருக்கும் உங்கள் கார்டு, அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுவரும் சின்ன ஆள், கையை விட்டால் பந்து கிடைக்கும்.

அடுத்தது, பந்தைக் கொடுப்பவன். சென்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சென்டரை நிறுத்துவதில் பெரிய பங்கு அவனைக் காப்பவனுடையது அல்ல, அவனுக்கு ஃபீட் பண்ணுகிற கார்டைக் காப்பவனுடையது. போன ஆட்டத்தில் அந்த அணியில் யார் உள்ளே பந்து கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளி அணிகளில் பெரும்பாலும் ஒருவன், அதிகம் போனால் இரண்டு பேர். அவன் தலையைத் தூக்கி, சென்டரைப் பார்த்து, ஆற அமர பாஸ் போட்டிருப்பான். உங்கள் அணியில் காலில் வேகமும் மூச்சும் உள்ள பையனை அவன் மேல் ஒட்டவிடுங்கள். அவன் பந்தைத் தட்டுவதை முடித்துப் பந்தைக் கையில் எடுத்த நொடி, ஒரு அடி முன்னால் போய் இரண்டு கையையும் பந்தோடு சேர்த்து ஆட்ட வேண்டும். பந்து கீழே இருந்தால் கை கீழே, மேலே போனால் கை மேலே. இதனால் இரண்டு நன்மை. பாஸ் கொஞ்சம் கோணலாக, மெதுவாகப் போகும். அதைவிட முக்கியம், பாஸ் தாமதமாகும். சென்டர் அந்த ஏரியாவுக்குள் தொடர்ந்து 3 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. நல்ல இடம் பிடித்து வைத்திருந்தும் பந்து வராமல் அவன் வெளியே போய்த் திரும்பி வர வேண்டியிருந்தால், பிடித்த இடம் போய்விடும். நாலைந்து முறை இப்படி ஆனால் அவன் கார்டைப் பார்த்துக் கையை விரிக்க ஆரம்பிப்பான். பந்து கேட்டு வெளியே வருவான். அவன் வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது.

சென்டரைக் காப்பவன் எப்படி நிற்க வேண்டும் என்பதில்தான் பயிற்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பின்னால் நிற்கலாம், பக்கவாட்டில் பாதி முன்னால் நின்று ஒரு கையை பாஸ் வரும் வழியில் நீட்டலாம், முழுக்க முன்னால் நின்று அவனை மறைக்கலாம். ஒன்பது அங்குலம் உயரம் குறைந்த பையன் பின்னால் நிற்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. அவன் தலைக்கு மேலே வாங்கி, தலைக்கு மேலேயே போட்டுவிடுவான். உங்கள் நிலைமையில் நான் முன்னால் நிற்கத்தான் சொல்வேன். ஆனால் அது தனி ஆள் வேலை இல்லை. முன்னால் நின்றால் அவர்கள் தலைக்கு மேலே லாப் பாஸ் போடுவார்கள். அந்தப் பாஸை எடுக்க, பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நம் பையன் தன் ஆளை விட்டுவிட்டு ரிங்குக்குக் கீழே வந்து நின்றாக வேண்டும். லாப் காற்றில் மிதந்து வர நேரம் எடுக்கும். கார்டு முகத்துக்கு நேரே கை இருந்தால் இன்னும் அதிகமாக மிதக்கும். அந்த நேரத்தில் உதவிக்கு வருபவன் பந்தைத் தட்டலாம், அல்லது சென்டர் இறங்குகிற இடத்தில் முன்பே போய் நிற்கலாம். இந்த மூன்றும், அதாவது கார்டு மேல் கை, சென்டருக்கு முன்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒருவன், ஒரே நேரத்தில் நடந்தால்தான் முன்னால் நிற்கும் இந்த ஃப்ரண்டிங் பலிக்கும். ஒன்று விட்டுப்போனாலும் ரிங்குக்குக் கீழிருந்து எளிய லே-அப் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவையும் மீறி அவன் கையில் பந்து போகும். நல்ல சென்டர் என்றால் போகத்தான் செய்யும். அப்போது பையன்கள் செய்யும் முதல் தவறு குதிப்பது. அவன் பந்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் போதும், நம் பையன் பறந்துவிடுவான். அவன் நிதானமாகக் கீழே புகுந்து போட்டுவிட்டு ஃப்ரீ த்ரோவும் வாங்குவான். கால் தரையில் இருக்க வேண்டும், நெஞ்சு அவன் விலாவோடு இருக்க வேண்டும், இரண்டு கையும் நேரே மேலே, முன்னால் சாயாமல். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். வலது கைக்காரன் என்றால் பெரும்பாலும் இடது தோளை ரிங் பக்கம் கொண்டுவந்து வலது கையால் தலைக்கு மேலே வளைத்து ஹூக் போடுவான். நான் பார்த்த பள்ளி சென்டர்களில் அதிகம் பேருக்கு அந்த ஒரு ஷாட்தான் உண்டு. அந்தப் பக்கத்தை அடைத்து அரை அடி தள்ளி நின்றால், அவன் வராத கையால் போட வேண்டும், இல்லாவிட்டால் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எந்த மட்டத்திலும் செல்லும். 2019 நவம்பர் 25 அன்று டொரான்டோ அணியின் மார்க் கசோல், அப்போது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் எல்லோரும் கண்டு பயந்த பிலடெல்ஃபியா சென்டர் ஜோயல் எம்பீடைக் காத்தார். எம்பீட் 11 ஷாட் போட்டார், ஒன்றும் விழவில்லை, அன்று அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. டொரான்டோ 101-96 என்று ஜெயித்தது. கசோலும் ஏழடி ஆள்தான், அதனால் உங்கள் பையனோடு அவரை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் குதித்துத் தடுப்பதை நம்பி ஆடியவர் அல்ல அவர். கனமும் கால் வைக்கிற இடமும்தான் அவர் பலம். உயரக் குறைவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ட்ரேமண்ட் கிரீனைப் பாருங்கள். ஆறடி ஆறு அங்குலம் உள்ள அவர் கோல்டன் ஸ்டேட் அணிக்காக ஏழடிக்காரர்களைக் காத்து, 2017-இல் அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார்.

இப்போது உங்கள் டபுள் டீம். இரண்டு பேரை விட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டாவது ஆள் தாமதமாகப் போயிருப்பான் என்று தோன்றுகிறது. சென்டர் திரும்பி ரிங்கைப் பார்த்த பிறகு போகிற இரண்டாவது ஆள் வேடிக்கை பார்க்கத்தான் போகிறான். பந்து காற்றில் வரும்போதே கிளம்பி, அவன் கையில் பட்டதும் அங்கே இருக்க வேண்டும். அல்லது அவன் பந்தை முதல்முறை தரையில் தட்டியதும் பாய வேண்டும். இந்த இரண்டு நேரத்திலும் அவன் கண் பந்தின் மேல் இருக்கும், சுற்றி யார் வருகிறார்கள் என்று தெரியாது. எங்கிருந்து போவது என்பதும் முக்கியம். நன்றாக ஷாட் போடுகிறவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்த அணியின் ஐந்து பேரில் ஷாட் விழாத ஒருவன் நிச்சயம் இருப்பான், அவனைக் காப்பவனைத்தான் அனுப்ப வேண்டும். போகிறவன் பந்தைப் பிடுங்கப் பாயக் கூடாது. சென்டரோடு தோளை ஒட்டி நின்று கையைத் தூக்கினால் போதும், அவன் வெளியே பாஸ் போடத் தேடுவான். அந்தப் பாஸ் வரும் வழியில் மீதி மூன்று பேர் நிற்க வேண்டும், நான்கு பேரை மூன்று பேர் காக்கும் கணக்கு அது. முதல் பாஸ் யாருக்குப் போகிறதோ அவனிடம் பக்கத்தில் இருப்பவன் ஓட, மற்றவர்கள் ஒரு இடம் நகர்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகாத அணி டபுள் டீம் போடுவது, ஒருவனை அடைத்து நான்கு பேருக்குக் கதவைத் திறந்துவிடுவது போலாகும்.

டபுள் டீம் எப்போதும் சரியா என்பதில் எனக்கு முழு உறுதி இல்லை. சென்டர் பாஸ் போடத் தெரிந்தவனா என்பதைப் பொறுத்தது அது. 2023 என்பிஏ இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் டென்வரின் நிகோலா யோகிச் 41 புள்ளி எடுத்தார், ஆனால் அவர் பாஸில் வந்த கூடைகள் 4 மட்டும். மயாமி 111-108 என்று ஜெயித்தது. அவரைப் புள்ளி எடுக்க விட்டு, மற்றவர்களுக்குப் பந்து போகாமல் பார்த்ததால்தான் ஜெயித்தார்கள் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். அந்தத் தொடரில் டென்வர் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான், மீதி நான்கையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்துப் போனார்கள். ஆக, ஒரு ஆட்டத்தை வைத்து இதுதான் வழி என்று சொல்லிவிட முடியாது. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது 2004 இறுதிச் சுற்று. லேக்கர்ஸில் ஷாகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட். டெட்ராய்ட் அணி ஓ'நீல் மேல் பெரும்பாலும் பென் வாலஸ் போன்ற ஒரே ஆளை விட்டது, மற்றவர்கள் தத்தம் ஆளைவிட்டு நகரவில்லை. ஓ'நீல் ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளிக்கு மேல் எடுத்தார். ஆனால் பிரையன்டின் ஷாட்கள் நூற்றுக்கு 38 என்ற அளவில்தான் விழுந்தன. டெட்ராய்ட் 4-1 என்று தொடரை ஜெயித்தது. உங்கள் போட்டிக்கு இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். அந்தச் சென்டர் எடுக்கிற புள்ளிகளைத் தவிர மற்ற நான்கு பேரும் சேர்ந்து எத்தனை எடுத்தார்கள்? அது குறைவு என்றால் டபுள் டீம் போடுங்கள், மற்றவர்கள் உங்களை அடிக்கட்டும். அவர்களும் நன்றாகவே எடுத்தார்கள் என்றால் ஒரே ஆளை விட்டு, சென்டர் 20 எடுத்தால் எடுக்கட்டும் என்று மற்ற நான்கு பேரையும் பூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுவதுதான் தோற்கும் வழி.

ஆளைக் காக்காமல் ஆளுக்கு ஒரு இடத்தைக் காக்கும் ஜோன் ஆடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஊர்ப் போட்டிகள் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடக்கின்றன. அதில் தடுப்பவனுக்கு 3 நொடிக் கட்டுப்பாடு கிடையாது. என்பிஏவில் உண்டு. அதனால் இங்கே ஒருவனை ரிங்குக்குக் கீழேயே நிறுத்தி, இன்னொருவனை சென்டருக்கு முன்னால் நிறுத்தி அவனை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ள முன்னால் இருவர், பின்னால் மூவர் நிற்கும் 2-3 ஜோனில் வசதி இருக்கிறது. உயரம் குறைந்த அணிக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஷாட் தவறி ரீபவுண்ட் வரும்போது ஜோனில் யார் யாரைத் தடுப்பது என்ற குழப்பம் வரும், அங்கேதான் உயரமானவன் அள்ளிக்கொண்டு போவான். ஒரு குவார்ட்டர் ஜோன், ஒரு குவார்ட்டர் மேன் டு மேன் என்று மாற்றி ஆடுவது பள்ளி அணிகளிடம் நன்றாகவே பலிக்கும். எதிரணிக் கோச் டைம் அவுட் எடுத்துச் சொல்வதற்குள் நாலைந்து பந்து உங்கள் கைக்கு வந்திருக்கும்.

ரீபவுண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சென்டர்களின் புள்ளிகளில் ஒரு நல்ல பங்கு பாஸ் வாங்கிப் போட்டது அல்ல, மற்றவன் தவறவிட்டதை எடுத்து அப்படியே உள்ளே வைத்தது. நம் பையன்கள் ஷாட் போனதும் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பார்கள். பயிற்சியில் நான் கத்துவது ஒன்றுதான்: "டேய், பந்தப் பாக்காத, அவன் இடுப்பத் தேடு!" ஷாட் கிளம்பியதும் திரும்பி, பின்பக்கத்தால் அவன் தொடையைத் தேடி ஒட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். காலை நன்றாக ஊன்றிக் குதிக்க இடமில்லாதவனுக்கு அவன் உயரம் அவ்வளவாக உதவாது. சென்டரைக் காப்பவன் பந்தை எடுக்க வேண்டியதே இல்லை. அவன் அடைத்து வைத்தால் போதும், பந்தை மற்ற நான்கு பேரில் ஒருவன் எடுப்பான். இதைப் பையனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது, ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவன் அவனாகத்தான் இருப்பான்.

தடுப்பாட்டம் பற்றிக் கேட்டீர்கள், ஆனால் அந்தச் சென்டருக்கு எதிரான சிறந்த தடுப்பு உங்கள் தாக்குதலிலும் இருக்கிறது. அவன் ஆட்டம் முழுக்க ரிங்குக்குக் கீழே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள விடாதீர்கள். அவன் காக்கிற பையனை வெளியே கூப்பிட்டு, உங்கள் கார்டுக்கு ஸ்கிரீன் போடவையுங்கள், அதாவது கார்டைக் காப்பவனின் வழியில் உடம்பை மறித்து நிற்கவையுங்கள். சென்டர் வெளியே வந்தாக வேண்டும், வந்தால் அவன் காலைவிட உங்கள் கார்டின் கால் வேகம். வராவிட்டால் கார்டுக்கு ஆளில்லாத ஷாட். பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் ஓடுங்கள். மதுரை வெயிலில் சிமென்ட் கோர்ட்டில் காலை பத்து மணிக்கு மேல் ஆட்டம் என்றால், அவ்வளவு பெரிய உடம்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு ஓடுவது எளிதில்லை. மூன்றாவது குவார்ட்டரில் அவன் இடுப்பில் கை வைப்பான். அப்புறம், ஃபவுல். ஐந்து ஃபவுலோடு அவன் வெளியே போக வேண்டும் என்பது விதி. முதல் குவார்ட்டரிலேயே இரண்டு விழுந்தால் எந்தக் கோச்சுக்கும் அவனை உட்காரவைக்கலாமா என்ற யோசனை வரும். உள்ளே போகிற உங்கள் பையன் அவனைத் தாண்டிக் குதிக்க முயலக் கூடாது. இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு ஃபேக் காட்டி, அவன் எழும்பிய பிறகு போட வேண்டும்.

வேண்டுமென்றே ஃபவுல் பண்ணி அவனை ஃப்ரீ த்ரோ போடவைக்கலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஷாகீல் ஓ'நீலிடம் பல அணிகள் இப்படிச் செய்தன, அவருடைய ஃப்ரீ த்ரோக்களில் பாதியை ஒட்டித்தான் விழும். ஆனால் அதை இங்கே கொண்டுவரக் கூடாது. ஃபிபா விதியில், பந்தை ஆடும் நோக்கமில்லாமல் ஆளைப் பிடித்தால் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோவும் போய், பந்தும் அவர்களுக்கே போகும், இரண்டாவது முறை செய்த பையன் வெளியேற்றப்படுவான். சாதாரண ஃபவுலுக்கும் கணக்கு இருக்கிறது, ஒரு குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுல் முடிந்துவிட்டால் ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. மேலும் ஃப்ரீ த்ரோ வராதவன் என்று நம்பி இறங்குவதிலும் ஆபத்து உண்டு. வில்ட் சேம்பர்லின் ஃப்ரீ த்ரோவில் பலவீனமானவர் என்று பெயர் எடுத்தவர். 1962 மார்ச் 2 அன்று அவர் 100 புள்ளி எடுத்தபோது 32 ஃப்ரீ த்ரோவில் 28-ஐ உள்ளே போட்டார்.

ஆட்டத்தை மெதுவாக்குவது ஒரு பழைய வழி. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி, லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைகன் என்ற பெரிய சென்டரைக் கண்டு பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆடி 19-18 என்று ஜெயித்தது. லேக்கர்ஸின் 18-இல் 15 மைகனுடையது. பிறகு 1954-இல், 24 நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற விதி வந்து அந்த வழி அடைபட்டது. ஆனாலும் 24 நொடிக்குள்ளேயே, வேகமாக ஓடிக் கிடைக்கும் எளிய கூடை இல்லாதபோது, கடைசி ஆறேழு நொடி வரை பாஸ் போட்டு ஆடினால் மொத்தத்தில் அவன் கைக்குப் பந்து போகும் முறை குறையும். முன்னால் சொன்ன ஓட்டத்துக்கும் இதற்கும் முரண் இருப்பது எனக்குத் தெரிகிறது. எதைத் தேர்வது என்பது உங்கள் பையன்களின் மூச்சைப் பொறுத்தது. எனக்கு ஓட்டம்தான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவன் காற்றில் இருக்கும்போது கீழே போய் நிற்கக் கூடாது, தள்ளக் கூடாது. ஆறரை அடி உடம்பு சிமென்டில் முதுகு அடித்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உயரமான பையன்களை முட்டியால் இடிப்பது, காலை மிதிப்பது எல்லாம் தந்திரம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனும் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைதான். உங்கள் பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரம் போதுமா என்றால், எல்லாவற்றுக்கும் போதாது. நானாக இருந்தால் முதலில் ஆளைத் தேர்வு செய்வேன். சென்டரைக் காக்க உயரமான பையனைத் தேடாதீர்கள், தொடையும் இடுப்பும் கெட்டியான, கோபம் வராத பையனைத் தேடுங்கள். இரண்டாவதாக ஒருவனையும் தயார் செய்யுங்கள், ஃபவுல் பகிர்ந்துகொள்ள. அந்தச் சென்டர் இடத்தில் நிற்க மதுரையில் ஏதாவது கல்லூரி அணியில் ஆடும் உங்கள் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவான். முதல் வாரம் பந்தே இல்லாமல் இடம் பிடிக்கும் போராட்டம் மட்டும். 4.9 மீட்டர் அகலமுள்ள அந்த ஏரியாவுக்குள் அவன் நுழைய வேண்டும், இவன் விடக் கூடாது, ஐந்து ஐந்து நொடியாக, கை படாமல். இரண்டாவது வாரம் ஃபீட் பண்ணுபவனையும் லாப்புக்கு உதவி வருபவனையும் சேர்த்து மூன்று பேருக்கு மூன்று பேர். மூன்றாவது வாரம்தான் டபுள் டீமும் அதிலிருந்து நகர்வதும், அதுவும் நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தால். உங்கள் பையன்கள் அவன் கைக்கு மேலே ஷாட் போடப் பழக, நீளமான ஒட்டடைக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிங்குக்கு முன்னால் நீங்களே நில்லுங்கள். முதல் இரண்டு நாள் எல்லா ஷாட்டும் கம்பில் படும். பிறகு பந்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவும் உயரமாகவும் விட அவர்களே கற்றுக்கொள்வார்கள். முடிந்தால் மே மாதத்தில் பெரியகுளத்தில் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கும் ஒரு நாள் ராத்திரி அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். வெளியூர் அணிகளின் பெரிய சென்டர்களை ரிங்குக்குப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு நம் பக்கத்துப் பையன்களுக்கு அங்கே கிடைப்பது போல எளிதில் கிடைக்காது. பந்தைப் பார்க்க வேண்டாம், அவர்களைக் காப்பவரின் காலை மட்டும் பாருங்கள் என்று சொல்லி உட்காரவையுங்கள்.

ஆட்டத்தன்று வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடம் காகிதமும் பேனாவும் கொடுங்கள். சென்டர் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும், ஏரியாவுக்கு உள்ளேயா வெளியேயா, யார் கொடுத்தது, புள்ளி விழுந்ததா என்று மூன்றே குறி போடச் சொல்லுங்கள். இடைவேளையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். உள்ளே வாங்கியது அதிகமாக இருந்தால் அவனைக் காப்பவனை மாற்றுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தால் அந்தக் கார்டு மேல் புது ஆளை விடுங்கள். வெளியே வாங்கியும் போட்டுக்கொண்டே இருந்தால், அவன் அன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறான், அப்போது டபுள் டீமைத் தவிர வழியில்லை. அவன் எந்தக் கைக்காரன், ஃப்ரீ த்ரோ எப்படிப் போடுகிறான், உள்ளே பந்து கொடுப்பது யார் என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள் சார், உங்கள் ஐந்து பேரில் யாரை யார் மேல் விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.